அச்சுக்கூடத்தை ஒட்டிய வகுப்பறை

1920-ல் சென்னை அடையாறில், அன்னி பெசன்ட்டும் அவருடைய தோழர்களும் நடத்திவந்த தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் வகுப்பு ஒன்று தொடங்கியது. பத்திரிகைத் தொழிலைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க இந்தியாவில் எடுத்த முதல் முயற்சி இதுதான் என்று இத்துறையின் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். மாணவர்கள் பாடம் கேட்டதோடு நின்றுவிடவில்லை. பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ நாளிதழிலேயே அவர்கள் வேலை பழகினார்கள்.

அந்தப் பத்திரிகை சாதாரணப் பத்திரிகை அல்ல. ‘மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்’ என்ற பழைய நாளிதழை 1914-ல் விலைக்கு வாங்கி, பெயரை மாற்றி, தன்னாட்சி இயக்கத்தின் குரலாக ஆக்கியிருந்தார் பெசன்ட். 1910-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தின்படி அரசாங்கம் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டது. கட்டினார். 1916-ல் அதைப் பறிமுதல் செய்துவிட்டு, 10,000 ரூபாய் புது ஜாமீன் கேட்டது. அதையும் கட்டி, பத்திரிகையை நிறுத்தாமல் நடத்தினார். அடுத்த ஆண்டு பெசன்ட், அருண்டேல், வாடியா மூவரையும் அரசாங்கம் காவலில் வைத்தது. மூவருமே ‘நியூ இந்தியா’வோடு தொடர்புடையவர்கள். எழுதிய ஒரு வாக்கியத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை இதைவிட நேராகச் சொல்லித்தரும் பள்ளி அன்றைக்கு நாட்டில் இல்லை.

அடையாறு வகுப்பு நீடிக்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அரசு அங்கீகாரம் கிடையாது. அது தரும் பட்டத்தை வைத்துக்கொண்டு சர்க்கார் உத்தியோகத்துக்குப் போக முடியாது. ஆனால் பெசன்ட் வகுப்பறையையும் நாளிதழையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தாரே, அந்த ஏற்பாடுதான் இதழியல் கல்வியின் உயிர்நிலை. பிற்காலத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்கள் அதிகம் கைவிட்டதும் அதைத்தான்.

அதற்கு முன்பு இங்கே பத்திரிகையாளர்கள் எப்படி உருவானார்கள்? ‘தி ஹிந்து’வைத் தொடங்கிய ஆறு இளைஞர்களில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள், மற்ற நால்வரும் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். உயர்நீதிமன்ற நீதிபதியாக ஓர் இந்தியர், முத்துசாமி ஐயர், நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் தாக்கியபோது, பதில் சொல்ல நமக்கென்று ஒரு பத்திரிகை இல்லையே என்ற ஆத்திரத்தில் அவர்கள் கூடினார்கள். கடன் வாங்கிய ஒரு ரூபாய் பன்னிரண்டணாவில் 80 பிரதிகள் அச்சாகி, 1878 செப்டம்பர் 20-ல் முதல் இதழ் வந்தது. கல்லூரியைச் சுற்றியிருந்தவர்கள் தொடங்கிய பத்திரிகைதான். ஆனால் பத்திரிகை நடத்துவதைப் பற்றி எந்தக் கல்லூரியும் அவர்களுக்கு ஒரு வரிகூடச் சொல்லித்தந்திருக்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் குருகுல முறை. மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதி, 1904-ன் இறுதியில் ‘சுதேசமித்திர’னில் துணையாசிரியராகச் சேர்ந்தார். ஆசிரியர் நாற்காலியில் அதே சுப்பிரமணிய ஐயர். ஆங்கிலத் தந்திகளையும் தலைவர்களின் சொற்பொழிவுகளையும் நாள்தோறும் தமிழாக்க வேண்டும், அதுவும் அச்சுக்கோப்பவர் காத்திருக்கும்போதே. பாரதியின் உரைநடையில் இருக்கும் விரைவும் தெளிவும் அந்த மேசையில் பழகியவை. திரு.வி.க.வும் பள்ளி ஆசிரியராக இருந்து ‘தேசபக்த’னுக்கு வந்தவர். பிறகு அவர் நடத்திய ‘நவசக்தி’யில் துணையாசிரியராக இருந்து தொழில் கற்றவர் கல்கி. டி.எஸ். சொக்கலிங்கம் ‘தினமணி’யில் ஏ.என். சிவராமனையும் புதுமைப்பித்தனையும் உடன் வைத்துக்கொண்டார். புதுமைப்பித்தன் திருநெல்வேலியில் பி.ஏ. முடித்தவர். ஆனால் அந்தப் பட்டத்துக்கும் அவர் பார்த்த வேலைக்கும் சம்பந்தமில்லை. புரூப் திருத்துவது, தலைப்பு வைப்பது, நீண்ட செய்தியை இடத்துக்கேற்ப வெட்டுவது எல்லாம் அலுவலகத்தில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவை.

இந்த முறை பெரிய எழுத்தாளர்களைத் தந்தது. அதற்காக அதை அப்படியே கொண்டாடிவிட முடியாது. மூத்தவர் யாரைச் சேர்த்துக்கொள்கிறாரோ அவருக்குத்தான் தொழில். அறிமுகம் உள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கதவு திறக்கும், அறிமுகம் இல்லாதவருக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது. சம்பளமும் சொற்பம். சட்டம், புள்ளிவிவரம், அரசு நிர்வாகம் இவற்றையெல்லாம் அவரவர் ஆர்வத்துக்குத் தக்கபடி தாமாகத் தேடிப் படித்தால் உண்டு. இந்தக் குறைகளைத் தீர்க்கத்தான் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. அந்த எண்ணத்துக்கு முதலில் உருவம் கொடுத்த ஊர் அமெரிக்காவின் நடுப்பகுதியில், மிசௌரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா.

அதற்கு முன்னோடிகள் சிலர் உண்டு. உள்நாட்டுப் போரில் தோற்றுப்போன தென்மாநிலப் படைத்தலைவர் ராபர்ட் லீ, பிறகு வர்ஜீனியாவில் ஒரு கல்லூரிக்குத் தலைவரானார். 1869-ல் அச்சுத்தொழிலும் பத்திரிகையும் பழக விரும்பும் இளைஞர்களுக்கு உதவித்தொகை தரத் திட்டமிட்டார். அவர் இறந்தபின் அது மங்கிப்போனது. மிசௌரிப் பல்கலைக்கழகத்திலேயே 1878-ல் டேவிட் மெக்கனலி என்ற ஆங்கிலப் பேராசிரியர் இதழியலின் வரலாற்றைப் பற்றி வகுப்பு எடுத்தார். ஆனால் தனியாக ஒரு கல்விக்கூடம் அமைய வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தியவர்கள் பேராசிரியர்கள் அல்லர். அந்த மாநிலத்துச் சிற்றூர்ப் பத்திரிகைகளின் ஆசிரியர்கள் ஒன்றுகூடி அமைத்த சங்கம்தான் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர்களில் ஒருவர் வால்டர் வில்லியம்ஸ். பூன்வில் என்ற ஊரில் அச்சுக்கூடத்து எடுபிடிப் பையனாகத் தொழிலைத் தொடங்கியவர், கொலம்பியாவில் ‘ஹெரால்ட்’ பத்திரிகையின் ஆசிரியராக உயர்ந்தார். கல்லூரியில் ஒருநாளும் படித்ததில்லை. அவரைத்தான் உலகின் முதல் இதழியல் பள்ளிக்குத் தலைவராக்கினார்கள். பின்னாளில், 1930-களின் தொடக்கத்தில், மிசௌரிப் பல்கலைக்கழகம் முழுமைக்குமே அவர் தலைவரானார்.

1908 செப்டம்பர் 14 அன்று வகுப்புகள் தொடங்கின. அதே நாளில் ‘யுனிவர்சிட்டி மிசௌரியன்’ என்ற செய்தித்தாளின் முதல் இதழும் வெளிவந்தது. மாணவர்கள் செய்தி சேகரித்தார்கள், பேராசிரியர்கள் ஆசிரியர் குழுவாக உட்கார்ந்தார்கள். கல்லூரிக்குள் சுற்றிவரும் மாணவர் இதழ் அல்ல அது. ஊருக்கான பத்திரிகை. நகரசபைக் கூட்டம், நீதிமன்றம், தீ விபத்து, கடைகளின் விளம்பரம் எல்லாம் அதில் உண்டு. ஊர்ப் பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. வரிப்பணத்தில் நடக்கும் பத்திரிகை எங்களோடு போட்டி போடுவதா என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் அரசுப் பணத்தை அதற்குச் செலவிடக் கூடாது என்று தடுத்தது. வில்லியம்ஸ் பத்திரிகையை நிறுத்தவில்லை. அதை நடத்தத் தனியாக ஒரு சங்கம் அமைந்தது. விளம்பரமும் சந்தாவும் அதன் செலவைத் தாங்கின. ‘கொலம்பியா மிசௌரியன்’ என்ற பெயரில் அது நூறாண்டைத் தாண்டியும் நடந்துவருகிறது. 1953-ல் அதே பல்கலைக்கழகம் ஒரு வணிகத் தொலைக்காட்சி நிலையத்தையும் தொடங்கியது. அங்கும் செய்தி திரட்டுபவர்களில் மாணவர்கள் உண்டு.

இந்த ஏற்பாட்டின் பலன் பெரியது. தவறான பெயரை அச்சிட்டால் அந்தப் பெயருக்கு உரியவர் மறுநாள் வாசலில் வந்து நிற்பார். தேர்வுத்தாளில் மதிப்பெண் குறைவதும் இதுவும் ஒன்றல்ல. ஊர்க்காரர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர் எந்தச் செய்தியறையிலும் முதல்நாளே வேலைக்குத் தயார்.

அங்கிருந்து கிளம்பியவர்கள் உலகெங்கும் போனார்கள். முதல் ஆசிரியர்களில் ஒருவரான சார்லஸ் ராஸ் பின்னாளில் புலிட்சர் பரிசு வாங்கினார், அதிபர் ட்ரூமனுக்குச் செய்திச் செயலராகவும் இருந்தார். 1910-ல் பட்டம் வாங்கிய மேரி பாக்ஸ்டன் அந்தப் பள்ளியின் முதல் பெண் பட்டதாரி. கான்சாஸ் நகரத்து நாளிதழில் நிருபராகச் சேர்ந்தார். சீனாவில் பத்திரிகை வேலைக்குப் போன மிசௌரி மாணவர்கள் ஒரு பெரும் கூட்டம். மாவோவை நேரில் சந்தித்து எழுதிய எட்கர் ஸ்னோ மிசௌரியில் சில காலம் படித்தவர்தான். பீகிங்கில் யென்சிங் பல்கலைக்கழகத்து இதழியல் துறை வளர்ந்ததும் மிசௌரியின் துணையோடுதான்.

இதே காலத்தில் நியூயார்க்கில் இன்னொரு பள்ளி எழுந்தது. நாளிதழ் அதிபர் ஜோசப் புலிட்சர் அந்நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு 20 லட்சம் டாலர் கொடுக்க முன்வந்தார். அவர் முதன்முதலில் கேட்டபோது பல்கலைக்கழகம் மறுத்திருந்தது. பத்திரிகையாளன் கருவிலேயே திருவுடையவனாகப் பிறக்க வேண்டும், பயிற்சியால் வராது என்று சொன்னவர்களுக்கு 1904-ல் நீண்ட கட்டுரை எழுதிப் பதில் சொன்னார் புலிட்சர். ஹார்வர்டின் தலைவர் எலியட், விளம்பரம், விற்பனை, அச்சு நிர்வாகம் எல்லாவற்றையும் பாடத்தில் சேர்க்கச் சொன்னார். புலிட்சர் அதை ஏற்கவில்லை. வரலாறு, சட்டம், பொருளாதாரம், நடையறிவு, நேர்மை இவைதான் பாடமாக வேண்டும், காசு பண்ணும் வழி வேண்டாம் என்றார். 1911-ல் அவர் இறந்தார், 1912-ல் பள்ளி திறந்தது. அவர் பெயரிலான பரிசுகள் 1917 முதல் வழங்கப்படுகின்றன.

மிசௌரி கைத்தொழிலை அழுத்திச் சொன்னது, புலிட்சர் படிப்பறிவை அழுத்திச் சொன்னார். இரண்டும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏழை நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இரண்டில் எது செலவு குறைவோ அதைத்தான் எடுத்துக்கொண்டன. புத்தகமும் கரும்பலகையும் மலிவு, அச்சகமும் நாளிதழும் செலவு.

மிசௌரியின் புகழைச் சொல்லும்போது அதன் களங்கத்தையும் சொல்லியாக வேண்டும். லூசில் புளூஃபோர்டு என்ற கறுப்பினப் பெண் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1932-ல் இதழியல் பட்டம் வாங்கி, கறுப்பினத்தார் நடத்திய ‘கான்சாஸ் சிட்டி கால்’ வார இதழில் வேலை செய்தார். 1939-ல் மேற்படிப்புக்கு மிசௌரிக்கு விண்ணப்பித்தார். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து இடம் கொடுத்தார்கள். நேரில் போய் நின்றபோது, நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். சட்டக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்ட லாயிட் கெய்ன்ஸ் என்ற கறுப்பின மாணவருக்குச் சாதகமாக அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தத் துணிவில் புளூஃபோர்டு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார், வழக்குப் போட்டார். பல்கலைக்கழகம் அவரைச் சேர்ப்பதற்குப் பதிலாக இதழியல் மேற்படிப்பையே நிறுத்திவைத்தது. போர்க்காலம், மாணவர் குறைவு என்று காரணம் சொன்னது. கறுப்பினத்தாருக்கென இருந்த லிங்கன் பல்கலைக்கழகத்தில் 1942-ல் தனியாக ஓர் இதழியல் துறையை மாநிலம் திறந்தது. புளூஃபோர்டு தம் பத்திரிகைக்கே திரும்பி, அதன் ஆசிரியராகவும் வெளியீட்டாளராகவும் பல பத்தாண்டுகள் இருந்தார். அதே மிசௌரிப் பல்கலைக்கழகம் 1989-ல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து.

அமெரிக்கா இப்படிப் போனபோது, நம்மை ஆண்ட பிரிட்டன் இதழியல் கல்வியைப் பெரிதாக மதிக்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் லண்டன் பல்கலைக்கழகம் 1919-ல் ஓர் இதழியல் டிப்ளமோவைத் தொடங்கி, 1939-ல் போர் வந்ததும் நிறுத்திவிட்டது. மறுபடி அங்கே பல்கலைக்கழகத்துக்குள் இதழியல் நுழைய 1970 ஆகியது. ‘பிக்சர் போஸ்ட்’ இதழின் முன்னாள் ஆசிரியர் டாம் ஹாப்கின்சன் கார்டிஃப் நகரில் அதைத் தொடங்கினார். அதற்குள் சென்னையிலும் கல்கத்தாவிலும் மைசூரிலும் இதழியல் துறைகள் நடைபோட்டுக்கொண்டிருந்தன. இந்த ஒரு துறையில் இந்தியா தன் முன்னாள் எசமானர்களை முந்திக்கொண்டது.

இந்தியாவில் அடையாறுக்குப் பிறகு வந்த முயற்சி அலிகார். முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த நீதிபதி ஷா முகமது சுலைமான் முன்னின்று 1938-ல் டிப்ளமோ வகுப்பைத் தொடங்கவைத்தார். ரஹம் அலி அல்-ஹாஷ்மி பாடம் நடத்தினார். இரண்டே ஆண்டுகளில் அது நின்றது. நின்றுபோகாத முதல் துறை லாகூரில் 1941-ல் தொடங்கியது. மிசௌரியிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த பிருத்வி பால் சிங் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் அதை நிறுவினார். ஆறே ஆண்டுகளில் பிரிவினை வந்தது. லாகூர் வேறு நாடானது. சிங் துறையைத் தூக்கிக்கொண்டு டெல்லிக்கு வந்தார். அகதிகளாக வந்தவர்களுக்காகத் திறந்த மாலைநேர ‘கேம்ப் கல்லூரி’யில் அதற்கு இடம் கிடைத்தது. பகலில் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து உட்கார்ந்தவர்கள் அங்கே இதழியல் படித்தார்கள். டெல்லியின் நாளிதழ்களுக்கு அங்கிருந்து பலர் போனார்கள். 1962-ல்தான் துறை சண்டிகருக்குப் போய்ச் சேர்ந்தது. வீடு வாசல் இழந்து எல்லை கடந்தவர்களோடு ஓர் இதழியல் துறையும் எல்லை கடந்தது என்பது நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

அந்த 1947-லேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் டிப்ளமோ தொடங்கியது. சேப்பாக்கம் கடற்கரைக்கு எதிரே, பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்த அண்ணாசாலைக்குக் கூப்பிடு தூரத்தில். தொடர்ந்து கல்கத்தாவில் ஒரு துறை. மைசூர் மகாராஜா கல்லூரியில் 1951-ல் பட்டப்படிப்புக்குள்ளேயே இதழியல் ஒரு பாடமாக நுழைந்தது. அதை வளர்த்த நாடிக் கிருஷ்ணமூர்த்தியும் மிசௌரி மாணவர், இந்திய இதழியல் வரலாற்றைப் பெரிய நூலாக எழுதியவர். நாகபுரியின் ஹிஸ்லாப் கல்லூரிக்கு ரோலண்ட் வோல்ஸ்லி என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஃபுல்பிரைட் உதவியில் வந்து வழிகாட்டினார். ஹைதராபாத் உஸ்மானியாவில் 1954-ல் துறையை அமைத்தவர் டி ஃபாரஸ்ட் ஓடெல். அமெரிக்க இதழியல் கல்வியின் வரலாற்றை 1935-லேயே நூலாக எழுதியவர் அவர்.

ஆக, ஆட்கள் மிசௌரியிலிருந்து வந்தார்கள், பாடத்திட்டமும் வந்தது. ‘மிசௌரியன்’ வரவில்லை. ஊர்மக்கள் காசு கொடுத்து வாங்கும் ஒரு நாளிதழைத் தன் செலவில் நடத்த எந்த இந்தியப் பல்கலைக்கழகமும் துணியவில்லை. அதற்குப் பதில் ‘பயிற்சி இதழ்’ என்ற ஒன்று வந்தது. மாதத்துக்கு ஒன்றோ பருவத்துக்கு ஒன்றோ நான்கு பக்கம், துறைக்குள்ளேயே விநியோகம். அதில் தவறு வந்தாலும் கேட்க ஆளில்லை. உஸ்மானியா போன்ற சில துறைகள் இதிலும் அக்கறை காட்டின. பெரும்பாலான இடங்களில் அது பாடத்திட்டத்தில் போட்ட ஒரு டிக் குறியோடு முடிந்தது.

1960-களில் காற்று வேறு திசையில் திரும்பியது. வில்பர் ஷ்ராம் என்ற அமெரிக்க அறிஞர், பத்திரிகைத் தொழில் என்பதிலிருந்து மக்கள் தொடர்பியல் என்ற ஆராய்ச்சித் துறைக்கு இதழியல் பள்ளிகளை அழைத்துச் சென்றவர்களில் முதன்மையானவர். வளரும் நாடுகளில் வேளாண்மை, சுகாதாரம், கல்வி பற்றிய தகவல்களை வானொலியும் பத்திரிகையும் எப்படிக் கொண்டுசேர்க்கலாம் என்று 1964-ல் ஒரு நூல் எழுதினார். அவர் பங்குபெற்ற குழு ஒன்றின் ஆலோசனை பெற்று, இந்திய அரசு 1965 ஆகஸ்ட் 17-ல் டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்தைத் தொடங்கியது. திறந்துவைத்தவர் அன்றைய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் இந்திரா காந்தி. முதலில் அங்கே பயிற்சி பெற்றவர்களில் பெரும்பங்கினர் அரசின் தகவல் பணி அதிகாரிகள்.

இங்கே ஒரு திருப்பம் நடந்தது. இதழியல் படித்தவருக்கு உறுதியான வேலை கொடுக்கும் முதலாளியாக அரசாங்கம் மாறியது. வானொலி நிலையம், பத்திரிகைத் தகவல் அலுவலகம், மாவட்டந்தோறும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் என்று பதவிகள் வந்தன. அவற்றுக்கு விளம்பரம் கொடுக்கும்போது இதழியல் டிப்ளமோ ஒரு தகுதியாகக் கேட்கப்பட்டது. தனியார் நாளிதழ்களோ, குறிப்பாகத் தமிழ் நாளிதழ்கள், அந்தச் சான்றிதழை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அரசிடம் கேள்வி கேட்கப் பிறந்த படிப்பு, அரசின் செய்தியைப் பரப்புவோருக்கான படிப்பாகப் பாதி மாறிவிட்டது. நல்ல அதிகாரிகள் பலர் அதில் உருவானார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் இது ஓர் இழப்புதான்.

தமிழ் நாளிதழ்கள் பட்டதாரிகளை ஒதுக்கியதற்கு அகங்காரம் மட்டும் காரணமல்ல. பல்கலைக்கழக வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. நிருபருக்குத் தேவைப்பட்டது தமிழ். பாடப்புத்தகத்தில் இருந்த உதாரணங்கள் லண்டன், நியூயார்க் நாளிதழ்களிலிருந்து எடுத்தவை. உசிலம்பட்டியிலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ வரும் செய்தியை எப்படி எழுதுவது என்பதற்கு அங்கே பதில் இல்லை.

அந்தப் பதிலை எழுதியவர் ஒரு பாரிஸ்டர். லண்டனில் சட்டம் படித்து, சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்துவிட்டுத் திரும்பிய சி.பா. ஆதித்தனார் 1942-ல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் பத்திரிகை வாங்க வேண்டும் என்பது அவர் குறி. சிறிய வாக்கியம், பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழ், பெரிய தலைப்பு. தம் நிருபர்களுக்கும் துணையாசிரியர்களுக்கும் ‘இதழாளர் கையேடு’ என்று ஒரு நூலே எழுதினார். தமிழில் இதழியல் பாடநூல் என்று சொல்லத்தக்க தொடக்க நூல்களில் ஒன்று பல்கலைக்கழகத்திலிருந்து வராமல் ஒரு நாளிதழ் அலுவலகத்திலிருந்து வந்ததைக் கவனிக்க வேண்டும். பிறகு கல்லூரித் தமிழ்த் துறைகள் இதழியலை ஒரு தாளாகச் சேர்த்தபோது மா.பா. குருசாமியின் ‘இதழியல் கலை’ மாணவர் கைகளில் புழங்கியது. ‘ராணி’ ஆசிரியராக இருந்த அ.மா. சாமி பழைய தமிழ் இதழ்களைத் தேடித் தேடி அவற்றின் வரலாற்றை எழுதினார்.

1980-களில் விகடன் நிறுவனத்தின் எஸ். பாலசுப்ரமணியன் செய்த காரியம் இந்த வரலாற்றில் தனியிடம் பெற வேண்டியது. ‘ஜூனியர் விகடன்’ தொடங்கிய காலத்தை ஒட்டி, கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து மாணவப் பத்திரிகையாளர்களாகப் பயிற்சி கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். பொறியியலோ விலங்கியலோ படித்துக்கொண்டே தம் ஊரிலிருந்து செய்தி அனுப்பலாம், அது அச்சில் தம் பெயரோடு வரும். எழுதியதை மூத்தவர்கள் திருத்தித் தருவார்கள். இன்று தமிழ் ஊடகங்களில் மூத்த பொறுப்புகளில் இருக்கும் பலர் அந்த வழியாக வந்தவர்கள். வால்டர் வில்லியம்ஸ் பல்கலைக்கழகத்துக்குள் நாளிதழைக் கொண்டுவந்தார். விகடன் பத்திரிகைக்குள் கல்லூரியைக் கொண்டுவந்தது. இரண்டும் சேர்ந்தது ஒரே இடத்துக்குத்தான்.

1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது. அடுத்தடுத்து செய்திச் சேனல்கள். கேமரா, எடிட்டிங், செய்தி வாசிப்பு என்று திடீரென்று ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்பட்டது. ‘விஸ்காம்’ என்ற சொல் தமிழ்க் குடும்பங்களின் சாப்பாட்டு மேசைக்கு வந்தது அப்போதுதான். மாவட்டத் தலைநகரக் கல்லூரிகளிலும் காட்சித் தொடர்பியல் துறைகள் முளைத்தன. பெங்களூரில் 1994-ல் தொடங்கிய ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் 2000-ல் சசி குமாரின் முயற்சியில் சென்னைக்கு வந்து, ஆண்டு முழுதும் களப்பணி, வாராவாரம் இதழ் தயாரிப்பு என்று நடத்திக் காட்டியது. 2004 பிப்ரவரி 1-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகத்திலிருந்து 90.4 அலைவரிசையில் ‘அண்ணா எஃப்.எம்.’ ஒலித்தது. இந்தியாவின் முதல் கல்வி வளாகச் சமுதாய வானொலி அதுதான். அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளின் பெண்கள் வந்து நிகழ்ச்சி செய்தார்கள். தண்ணீர், உடல்நலம், வேலை பற்றிப் பேசினார்கள். அடையாறில் தொடங்கியது எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, அடையாற்றுக்கு அருகே கிண்டியில் வானலையாகத் திரும்பி வந்தது எனலாம்.

யாருக்கு இடம் என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது. 1996-ல் ‘வாஷிங்டன் போஸ்ட்’டின் டெல்லி நிருபர் கென்னத் கூப்பர், கறுப்பினத்தவர், ஒரு செய்திக்காகத் தலித் பத்திரிகையாளர் ஒருவரின் கருத்து வேண்டும் என்று பி.என். உனியாலிடம் கேட்டார். முப்பது ஆண்டு அனுபவம் உள்ள உனியால் யோசித்துப் பார்த்தார். தம் தொழில் வாழ்க்கையில் ஒரு தலித் பத்திரிகையாளரைக்கூடச் சந்தித்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டெல்லியில் அங்கீகாரம் பெற்ற பத்திரிகையாளர்களிடையே தேடினார். கிடைக்கவில்லை. ‘பயனியர்’ நாளிதழில் அதை எழுதினார். புளூஃபோர்டை வாசலில் நிறுத்தியது ஒரு சட்டம். இங்கே சட்டம் எதுவும் தடுக்கவில்லை, ஆனாலும் அறை நிரம்பவில்லை. குருகுல முறையின் மிச்சம் அது. அறிமுகம் இருந்தால்தான் வேலை. இதை உடைக்கக்கூடிய ஒரே இடம் இடஒதுக்கீடும் உதவித்தொகையும் உள்ள கல்விக்கூடம்தான். சென்னைக்கு வந்த ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் தலித், பழங்குடி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துவருவது நல்ல தொடக்கம். அரசுப் பல்கலைக்கழகங்களின் இதழியல் துறைகள் இதைவிட அதிகம் செய்ய முடியும், ஏனென்றால் கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் படிப்பது அங்கேதான்.

இன்று அச்சகம் தேவையில்லை, காகிதம் தேவையில்லை, ஜாமீன் கட்டச் சொல்லும் 1910-ஆம் ஆண்டுச் சட்டமும் இல்லை. ஒரு கணினியும் இருபது மாணவர்களும் இருந்தால் ஒரு மாவட்டத்துக்கான செய்தித்தளத்தை நாள்தோறும் தமிழில் நடத்திவிடலாம். ஊராட்சிக் கூட்டம், மாவட்ட நீதிமன்றம், அரசு மருத்துவமனை, கொள்முதல் நிலையம் என்று பெரிய நாளிதழ்கள் எட்டிப்பார்க்காத செய்திகள் எல்லா ஊரிலும் கிடக்கின்றன. தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள ஊருக்காக, ஊரார் படிக்க, பிழை வந்தால் ஊரார் வந்து கேட்க, ஒரு தினசரியைத் தொடங்க வேண்டும். அதுவரை, பிள்ளைகளை இதழியல் படிக்கச் சேர்க்க விரும்பும் பெற்றோர் கட்டடத்தையும் ஸ்டூடியோவையும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். இந்தத் துறை தன் மாணவர்களை வைத்து என்ன வெளியிடுகிறது, அதை வெளியாள் யார் படிக்கிறார்கள் என்று சேர்க்கை நாளிலேயே கேளுங்கள்.